விளம்பரமும் ஒரு நூலே

நூல்களைத் திறனாய்ந்து வரும் நாம், இம்முறை ஒரு விளம்பரத்தைத் திறனாயப் புகுகின்றோம். ஆசிரியப் பணிக்கு ஆள் வேண்டிப் பல்கலைக் கழகங்கள் வெளியிடுகின்றனவே, அந்த விளம்பரத்தைத்தான்! "காவியமா அது, திறனாய்வதற்கு?" என்பீர்கள். காவியத்தைப் படியாது வாழ்ந்துவிடலாம். அவ்விளம்பரத்தின் ஓர் எண் மாறினால், ஒரு குடும்பத்தின் வாழ்வே மாறிவிடும்.

அந்தியூரிலிருந்து தொடங்குவோம். வெற்றிலைக்குப் பேர்போன ஊர் அது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுபவரிடம், "நூற்றுக்குப் பதினைந்து உனக்கு" என்று பேசிவிட்டு, மாலையில், "மும்மூன்றாகவே எண்ணுவேன், மூன்றில் உன் பங்கு ஒரு முழு இலைக்கு வாராது, ஆகவே உனக்கு ஒன்றுமில்லை" என்றால் ஒப்புவாரா? ஒப்பார். சந்தையில் செல்லாத அந்தக் கணக்கு, மத்தியப் பல்கலைக் கழகங்களில் செல்லுபடியாயிற்று!

இடஒதுக்கீட்டைப் பல்கலைக் கழகம் முழுமைக்குமாக அன்றித் துறை துறையாகக் கணக்கிட வேண்டும் என்று 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மார்ச் 5 அன்று பல்கலைக் கழக மானியக் குழு அவ்வாறே ஆணையிட்டது. விளைவு யாது? வரிசைப்படி நான்காம் இடம் பிற்படுத்தப்பட்டோர்க்கு. ஏழாம் இடம் பட்டியல் இனத்தார்க்கு. பதினான்காம் இடம் பழங்குடியினர்க்கு. மூன்றே இடமுள்ள துறையில் இவர்களுள் எவர்க்கும் எதுவுமில்லை. ஒரே துறையில், ஒரே நிலையில், பதினான்கு இடங்கள் எங்கே உண்டு? அந்தியூரை அடுத்த பர்கூர் மலையிலிருந்து படித்திறங்கும் பழங்குடி இளைஞர் எந்தக் கதவைத் தட்டுவார்?

சட்டம் வாய்திறந்து மறுக்கவில்லை, எண்கணிதம் மறுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2019 மார்ச்சில் அவசரச் சட்டமும், சூலையில் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. பல்கலைக் கழகமே மீண்டும் அலகாயிற்று.

பதவிக்கு ஏறும் ஏணியாகிய ஆய்வு உதவித்தொகையின் கதையும் இதுவே. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவர்க்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அவ்வாறு தேறாது, மத்தியப் பல்கலைக் கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர்க்கென வகுத்த தொகையோ 8,000 ரூபாய். அதனையும் நிறுத்துவதென 2015 இல் மானியக் குழு முடிவு செய்தது. மாணவர்கள் தில்லியில் அதன் வாயிலிலேயே இரவும் பகலும் அமர்ந்து போராடினர், தொகை பிழைத்தது. தந்தையின் நிலம் தாங்கும் மாணவர்க்கு உதவித்தொகை கைச்செலவு. கூலியாளின் மகளுக்கோ, ஆய்வைத் தொடர்வதா, ஊர் திரும்புவதா என்பதையே அது முடிவு செய்கிறது!

கணக்கு திருந்தியது; ஆனால் ஒரு வாசகம் திருந்தவில்லை. "தகுதியுடையார் எவரும் கிடைத்திலர்" என்பதே அது. ஒதுக்கிய இடத்தை ஒரே வரியில் வெற்றிடமாக்கும் ஆற்றல் அதற்குண்டு. எத்தனை பேர் விண்ணப்பித்தனர்? எத்தனை பேரை அழைத்தீர்கள்? எக்குறை கண்டு விலக்கினீர்கள்? விளம்பரத்தை நாடறிய வெளியிடுவோர், இம்மூன்றையும் நாடறிய வெளியிடட்டும். அதுவரை, இந்நூல் முடிவுரையற்ற நூல் என்றே நாம் கூறுவோம்.