கடல் கடந்த வாடிக்கை: இலங்கையிலும் இந்தியாவிலும்

உள்ளூரிலே ஒரு கடையை நடத்திக்கொண்டு, அதற்கென ஓர் இணையதளத்தையும் அமைத்து, கூகுள் முதலிய தேடுபொறிகளின் வாயிலாக அயல்நாட்டாரையும் அத்தளத்துக்கு வரவழைக்க வேண்டும் என்னும் ஆசை இன்று யாழ்ப்பாணத்து வியாபாரிக்கும் உண்டு. காஞ்சிபுரத்து வியாபாரிக்கும் உண்டு. ஆசை ஒன்றாயிருப்பதைக் கொண்டு மார்க்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதி, இரு தேசத்தாரும் ஒரே உபாயத்தை அனுசரிப்பது விவேகமாகுமா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இலங்கையில் இவ்வியாபாரம் வளர்ந்த விதம் விசேஷமானது. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின்னர் டொராண்டோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று சிதறிப் போன குடும்பங்கள் தாய் தந்தையரையும் சுற்றத்தாரையும் ஊரிலே விட்டுச் செல்ல நேர்ந்தமையால், அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக், வருஷப் பிறப்புக்கு உடுபுடவை, மாதந்தோறும் வீட்டுச் சாமான் ஆகியவற்றுக்கு அங்கிருந்தே பணம் கட்டி, இங்கே வீட்டு வாசலில் சேர்ப்பிக்கச் செய்யும் வழக்கம் வேரூன்றிற்று. கொழும்பிலிருந்து நடைபெறும் கப்ருகா போன்ற தளங்களும் இத்தகைய வாடிக்கையாளரை நாடியவையே. இங்கே கடலைக் கடப்பது பணம் மட்டுமே. பண்டம் தீவை விட்டு அசைவதில்லை.

இந்தியாவிலோ சிறு வியாபாரியின் நிலைமை பெரும்பாலும் இதற்கு மறுதலையானது. புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டை விரும்பி வாங்குபவர் சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ இருந்தால், புடவையே பொதியாகக் கட்டப்பட்டு அவரிடம் போய்ச் சேர வேண்டும். அதற்காக வியாபாரி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்திடம் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுகிறார். 2022 முதல் அஞ்சலகங்களில் தொடங்கப்பட்ட டாக் கர் நிர்யாத் கேந்திரா என்னும் ஏற்றுமதி மையங்கள் அவருக்குச் சுங்கக் காகித வேலையை இலகுவாக்குகின்றன. இந்தியாவிலும் பரிசு அனுப்பும் தளங்கள் உண்டு. இலங்கையிலிருந்தும் தேயிலையும், 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்ற கறுவாவும் வெளியேறுகின்றன. ஆயினும் சிறு கடைக்காரரின் பிரதான வழக்கம் எது என்று பார்த்தால், மேற்கூறிய பேதம் தெளிவாகவே தெரிகிறது.

இப்பேதம் தேடுபொறியின் விஷயத்தில் எவ்வாறு பலிக்கிறது என்பதைக் கவனிப்போம். டொராண்டோவில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்குக் கேக் அனுப்ப வழி தேடும்போது, அவர் தட்டும் சொற்களிலேயே ஊர்ப்பெயர் வந்துவிடுகிறது. எனவே யாழ்ப்பாணத்துக் கடைக்குத் தேவையானவை கனடாவுக்கென எழுதிய பக்கங்கள் அல்ல. சாவகச்சேரி, பருத்தித்துறை, கிளிநொச்சி என்று ஊர் ஊராக, எத்தனை மணிக்குள் சேர்ப்போம், கூலி எவ்வளவு என்று உண்மையான விவரம் கூறும் பக்கங்களே. டாட் எல்கே என்னும் இலங்கைக்குரிய முகவரியும் இங்கே பெரிய தடையாவதில்லை.

சிங்கப்பூரில் பட்டுப் புடவை தேடுபவருக்கோ கூகுள் முதலில் சிங்கப்பூர்க் கடைகளையே காட்ட முற்படும். டாட் இன் என்னும் முகவரி இந்தியாவுக்கே உரியது என்று கூகுள் கொள்வதால், பல தேசங்களை நோக்கும் வியாபாரிக்கு டாட் காம் முகவரியும், அதன் கீழ் தேசந்தோறும் ஒரு தனிப் பிரிவும் அனுகூலமானவை. அப்பிரிவுகளை ‘ஹெச்ரெஃப்லேங்’ என்னும் குறியீட்டால் ஒன்றையொன்று சுட்டும்படி இணைத்தல் அவசியம். ஒரு பக்கம் மட்டும் மற்றதைச் சுட்டினால் கூகுள் அதைப் பொருட்படுத்தாது. வருபவரின் தேசத்தைக் கண்டு தானாகவே அந்நாட்டுப் பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு சாமர்த்தியமாகத் தோன்றினும், பக்கங்களைத் தேடித் திரட்டும் கூகுளின் நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருவதால், ஏனைய நாட்டுப் பக்கங்கள் அதன் பார்வைக்கே படாமற்போக இடமுண்டு. நாட்டின் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பிரதி செய்வதும் வீண் பிரயாசையே. அந்நாட்டு நாணயத்தில் விலை, சுங்கத் தீர்வையை யார் கட்டுவது, திருப்பி அனுப்பும் முறை ஆகியவை வேறுபட்டால்தான் அது வேறு பக்கம்.

பணம் பெறும் வழியிலும் இரு தேசங்களும் ஒத்திருக்கவில்லை. பேபால் நிறுவனம் இந்தியாவுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலை 2021 ஏப்ரலில் நிறுத்தியபோதும், அயல்நாட்டுப் பணம் பெறும் வசதியை நீடித்தது. இலங்கையரோ பல்லாண்டுகளாக அதன் மூலம் பணம் செலுத்த மட்டுமே முடிந்ததால், உள்ளூர் வங்கிகளின் அட்டை வசதியைச் சார்ந்து நிற்க வேண்டியதாயிற்று. பண்டம் அனுப்பும் வழியிலோ இடர் இந்தியருக்கே நேர்ந்தது: 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நின்றபோது, இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பொதிகளைச் சில வாரங்கள் ஏற்காதிருந்தது. அமெரிக்க வாடிக்கையை நம்பிய புடவைக் கடைகளுக்கு அது பேரிடியாயிற்று. ஊருக்குள்ளேயே கேக் சேர்ப்பிக்கும் யாழ்ப்பாணத்துக் கடையை அந்த மாற்றம் தீண்டவேயில்லை.

ஆகவே, இந்தியர்களுக்கென எழுதப்பட்ட உபாயங்களை இலங்கை வியாபாரி அப்படியே கைக்கொள்வது பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம். ஊர் ஊராகத் துல்லியமாக எழுதும் பழக்கத்தை இந்திய வியாபாரி இலங்கையரிடமும், பண்டத்தையே கடல் கடத்தும் ஒழுங்கை இலங்கையர் இந்தியரிடமும் கற்கலாம்; பனைப் பண்டங்களான ஒடியல் மாவும் பனங்கட்டியும் அவ்வொழுங்குக்காகக் காத்திருப்பவையே. எந்த நாட்டார், எந்தச் சொற்களைத் தட்டி நம் தளத்தைக் கண்டார்கள் என்பதைக் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ கட்டணமின்றிக் காட்டுகிறது. கடலைக் கடக்க வேண்டியது பண்டமா, பணமா என்பதை அக்கணக்கைப் பார்த்து நிச்சயித்த பிறகே ஒரு பக்கத்தையேனும் எழுதத் தொடங்குக.