சிவப்புப் புள்ளிகள்

ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட்ஸ் மலைகளைப் பார்க்க விசா வேண்டாம். 'ராய் மேப்' போதும். 1747-லிருந்து 1755 வரை ராணுவத்துக்காக வரைந்தது. ஒரிஜினல் பிரிட்டிஷ் லைப்ரரியில். 2007-ல் கனமான புத்தகமாகவும் வந்தது. காசு செலவழிக்க மனசில்லையா, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஓசியிலேயே பார்க்கலாம்.

அழகு என்றால் அப்படி ஒரு அழகு. வரைந்தவர்களில் ஒருவர் பால் சாண்ட்பி, பிற்பாடு வாட்டர்கலரில் பெரிய பேர் வாங்கியவர். மலைகள் கசங்கிய கம்பளி மாதிரி நிழலும் மடிப்புமாகக் கிடக்கின்றன. எந்த மலை எத்தனை அடி என்று மட்டும் கேட்கக் கூடாது. சம உயரக் கோடே கிடையாது. சங்கிலியும் திசைகாட்டியுமாகச் சாலையோரம், ஆற்றோரம் அளந்துவிட்டு மிச்சத்தைக் கண்மதிப்பில் போட்டார்கள். 'இது மேப் இல்லை, ராணுவ ஸ்கெட்ச்' என்கிற தொனியில் வில்லியம் ராயே பிறகு எழுதிவிட்டார். நேர்மையான மனுஷன்.

ஆனால், இதை வெறும் ஓவியமாக ரசிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. 1746-ல் கல்லோடனில் ஜெயித்த ராணுவத்துக்கு, கிளர்ச்சிக்காரர்களை மலைக்குள் துரத்த உருப்படியான மேப் இல்லை. அதற்காகப் பிறந்தது இது. கேலிக் மொழி ஊர்ப்பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் பார்த்தது மலைகளை அல்ல, பள்ளத்தாக்குகளில் சிவப்பாகத் தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகளை. வீடுகள்! பக்கத்திலேயே உழுத நிலத்துக்கான கோடுகள். அப்புறம் ஜமீன்தார்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களைக் கிளப்பிவிட்டார்கள். ஸ்ட்ராத்நேவரில் மட்டும் 1814, 1819 என்று இரண்டு பெரிய தவணை. 'ஆளரவமற்ற இயற்கை' என்று டூரிஸ்ட்டுகள் உருகுகிற இடங்களில் ஆள் இருந்தார்கள் என்பதற்கு, அடக்க வந்த ராணுவத்தின் மேப்பே சாட்சியாகிவிட்டது.

ராய் மேப்பில் தீவுகள் கிடையாது. விடுபட்டவற்றில் ஒன்று லூயிஸ். அங்கே 1754-ல் பிறந்த காலின் மெக்கன்சிதான் 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். இவர் நிலத்தை அளந்ததோடு நிற்காமல், காவலி சகோதரர்களை வைத்து ஊர் ஊராகக் கதையும் கேட்டு வாங்கினார். ராயின் ஆட்கள் செய்யாத வேலை இது. அவர் சேர்த்த சுவடிகளில் ஒரு பகுதி சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.