ஸ்மார்ட் வெயிட் மெஷின்: எடையை மட்டும் நம்பலாம்

1,500 ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கிற சமாச்சாரம். வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை, பிஎம்ஐ, கொழுப்பு, தசை, எலும்பு, ‘உடல் வயது’ என்று ஒரு ஜாதகமே போனுக்கு வந்துவிடுகிறது. அப்படியொன்றைப் புன்னைக்காயலில் மாமா வீட்டில் வைத்துப் பார்த்தேன். மாமாவுக்கு வயது 62. இன்றும் ஃபைபர் படகில் போய் வலை இழுக்கிறவர்.

முற்றத்து மணலில் வைத்தால் ஏறும்போதெல்லாம் வேறு வேறு எடை. சிமென்ட் தரைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. வம்பு கொழுப்புக் கணக்கில்தான். கடலிலிருந்து வந்த கையோடு ஏறினார். 31 சதவீதம் என்றது. “எய்யா, இந்த மிஷின வந்து ஒரு பாடு வலை இழுக்கச் சொல்லு” என்றார். சோறும் தண்ணீரும் உள்ளே போன பிறகு, சாயங்காலம் அதே உடம்புக்கு 28.

கண்ணாடிமேல் பதித்த ஸ்டீல் பட்டைகளிலிருந்து, நமக்குத் தெரியாத அளவு மெல்லிய மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. நீர் நிறைந்த தசை அதை எளிதாக விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வயது, உயரம், பாலினத்தோடு சூத்திரத்தில் போட்டு மிச்சத்தை ஊகிக்கிறது. வியர்த்து வற்றிய உடம்பில் தடை கூடுவதால் கொழுப்பும் கூடியதாகக் காட்டும். காய்த்துப்போன பாதமும் கணக்கைக் குழப்பும். வலை இழுக்கிற தோள் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அதற்காக மாமா ஜெயித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. தையல் டேப்பால் இடுப்பை அளந்தேன்: 94 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. கிண்டல் நின்றது.

பிறகு, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டி, 30 வினாடி உட்கார்ந்து எழச் சொன்னேன். 60-64 வயது ஆண்கள் 14 முறைக்குக் குறைந்தால் கால்பலம் போதாது, மாமா 19. இதற்குச் செலவே இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ‘ஃபிட் இந்தியா’ செயலியும் வயதுக்கேற்ற உடல்திறன் சோதனைகளை இலவசமாகத் தருகிறது.

எடை பார்க்க வாங்கலாம், கொழுப்புக்காக வேண்டாம். வாங்கியவர்கள் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் ஏறுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஏறவே கூடாது.