கூட்டுக்குள்ளிருந்து பார்த்த கடல்
'ப்ளூ வோட்டர், வைட் டெத்' விவரணப்படத்தை முன்வைத்து

நமது கடல் பற்றிய பேச்சுகளில் இடம்பெறாத ஒரு படத்தைப் பற்றி இங்கு எழுத வேண்டியிருக்கிறது. 1971இல் வெளிவந்த 'ப்ளூ வோட்டர், வைட் டெத்' என்ற அமெரிக்க விவரணப்படம் அது. 'நீல நீர், வெள்ளை மரணம்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். பீட்டர் கிம்பெலும் ஜேம்ஸ் லிப்ஸ்கொம்பும் இயக்கியது. பெரும் வெள்ளைச் சுறாவை அதன் சொந்த நீரிலேயே, உயிரோடு, அருகிலிருந்து படம்பிடிக்கப் புறப்பட்ட ஒரு குழுவின் கதை. அந்தப் பயணத்தின் ஒரு பகுதி இலங்கைக் கடலில் நிகழ்ந்தது. குழுவில் இலங்கையரான ரொட்னி ஜொங்கிளாஸும் இருந்தார்.

சுறாப் படத்துக்கும் இலக்கியச் சஞ்சிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஓர் உயிரை மனித மனத்தில் எப்படிப் பதிப்பது என்பது இலக்கியத்தின் கேள்வியும்தான். இந்தப் படம் அதற்கு ஒரு விடையைத் தந்தது. அந்த விடையின் விலையை உலகத்துச் சுறாக்கள் செலுத்தின. அதே வகையான விடையை நமது எழுத்தும் கடலுக்குத் தந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் படம். 1969இல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து, திமிங்கில வேட்டைக்குப் பயன்பட்ட ஒரு கப்பலில் குழு புறப்படுகிறது. அவுஸ்திரேலியாவின் ரொன் டெய்லர், வலெரி டெய்லர் தம்பதியர், அமெரிக்க ஒளிப்பதிவாளர் ஸ்டான் வோட்டர்மன் ஆகியோர் முக்கிய சுழியோடிகள். எழுத்தாளர் பீட்டர் மத்தீசனும் கூடவே சென்று, 'ப்ளூ மெரிடியன்' என்ற நூலில் அந்தப் பயணத்தைப் பதிவு செய்தார். கப்பலிலிருந்து அலுமினியக் கூடுகள் கடலில் இறக்கப்படும். கூட்டுக்குள் மனிதன், வெளியே சுறா. மிருகக்காட்சிச்சாலையின் ஒழுங்கு இங்கே தலைகீழாகிறது: பார்க்க வந்தவன் அடைபட்டிருக்கிறான், பார்க்கப்படுவது சுற்றித் திரிகிறது. இந்தத் தலைகீழாக்கத்தில்தான் படத்தின் கவர்ச்சி இருக்கிறது.

ஆனால் படத்தின் உச்சம் கூட்டுக்குள் நிகழவில்லை. டர்பனுக்கு வெளியே, கொல்லப்பட்ட திமிங்கிலத்தின் உடலைச் சுற்றி ஏராளமான சுறாக்கள் கூடுகின்றன. அவற்றில் பல, ஆழ்சமுத்திரத்துக்குரிய வெண்துடுப்புச் சுறாக்கள். அந்த வேளையில் கிம்பெலும் டெய்லர் தம்பதியரும் வோட்டர்மனும் கூட்டின் கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள். சுறாக்கள் வந்து முட்டிப் பார்க்கின்றன. இவர்கள் கமராவாலேயே அவற்றைத் தள்ளி விடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'வெள்ளை மரணம்' என்று பெயரிடப்பட்ட படம், தன்னையறியாமல் தன் தலைப்பை மறுக்கும் இடம் இது. சுறா கண்டவுடன் கொல்லும் யந்திரம் அல்ல, எச்சரிக்கையோடு அருகில் வந்து சோதித்துப் பார்க்கும் உயிர் என்பதை அக்காட்சி எந்த விரிவுரையாளரையும் விடத் தெளிவாகச் சொல்கிறது.

அதன் பிறகும் படம் அங்கே நிற்கவில்லை. அதற்கு வெள்ளைச் சுறாதான் வேண்டும். கப்பல் இந்து சமுத்திரத்தில் தேடி அலைகிறது. இலங்கைப் பகுதி வருவது இந்தத் தேடலின் நடுவில்தான். இங்கு அவர்களுக்கு வெள்ளைச் சுறா கிடைக்கவில்லை. ஆகவே படத்தின் கதைப்போக்கில் நமது கடல் ஓர் இடைத்தங்கல், ஓர் ஏமாற்றம்.

இந்த ஏமாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இலங்கைக் கடலின் அடியைப் பார்த்த கண்கள் அதற்கு முன்பே இருந்தன. 1950களில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இங்கு குடியேறிச் சுழியோடினர். விலங்கியலாளரான ஜொங்கிளாஸ் அவர்களுக்கும் முன்னோடி. 1962இல் வில்சன் எடுத்த 'ரன் முத்து தூவ' என்ற சிங்களப் படம், வர்ணத்துக்கும் நீரடிக் காட்சிகளுக்குமாக இன்றும் நினைக்கப்படுகிறது. இந்த மரபில் வந்த ஜொங்கிளாஸ், அந்நியக் குழுவொன்றுக்கு வழிகாட்டியாகவே உலகத் திரையில் தெரிகிறார். அவருடைய அறிவு குழுவுக்குத் தேவைப்பட்டது, கதைக்குத் தேவைப்படவில்லை.

கிழக்குக் கடலின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்தால் இந்த ஏமாற்றம் இன்னும் விசித்திரமாகத் தோன்றும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அக்கப்பலில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவுஸ்திரேலியாவின் 'வம்பயர்', எண்ணெய்க் கப்பலான 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' ஆகியனவும் அதே நாளில் இக்கரையோரத்தில் தாண்டன. இன்று அந்த இரும்புக்குள் களவாய் மீன்கள் குடியிருக்கின்றன, பவளம் படர்ந்திருக்கிறது. மனிதன் மனிதனுக்குச் செய்ததை மீன்கள் வீடாக்கிக்கொண்ட இடம் அது. கொலை செய்யும் மிருகம் எது என்று கேட்கும் ஒரு படத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் இருக்க முடியாது. ஆனால் மரணத்தின் நிறம் வெள்ளை என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட தேடலுக்கு இது போதவில்லை.

கடைசியில் தென் அவுஸ்திரேலியாவின் 'டேஞ்சரஸ் ரீஃப்' என்ற பாறைத்திட்டருகே தேடிய சுறா வருகிறது. தானாக வரவில்லை. இரத்தமும் இறைச்சியும் கலந்து கடலில் ஊற்றப்பட்டதால் வருகிறது. கூட்டின் கம்பிகளைக் கடிக்கிறது. ஒரு சுறா கயிற்றில் சிக்கிக்கொண்டு, ஆளோடு கூட்டை இழுத்து உலுக்குகிறது. பார்க்கிறவனின் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் இங்கு விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நாம் பார்ப்பது சுறாவையா, அல்லது இரை போட்டுத் திறக்க வைத்த ஒரு வாயையா? பந்தியில் உண்ணும்போது மட்டும் ஒருவனைப் படமெடுத்து, 'இவன் இப்படித்தான்' என்று காட்டினால் அது உண்மைப் படந்தான், ஆனாலும் பொய். கமரா பொய் சொல்லவில்லை. கமராவை எங்கே, எப்போது வைப்பது என்ற தீர்மானமே பொய் சொல்கிறது.

இந்த வாய்தான் பின்னர் உலகம் முழுவதும் பரவியது. பீட்டர் பெஞ்ச்லியின் 'ஜோஸ்' நாவல் 1974இலும், ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் படம் 1975இலும் வந்தன. அப்படத்துக்கான உயிர்ச் சுறாக் காட்சிகளை எடுத்தவர்களும் இதே டெய்லர் தம்பதியரே. சுறாவைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் சிறிய கூடு செய்து, அதற்குள் உயரம் குறைந்த ஒருவரை இறக்கினார்கள். கூடு இப்போது பாதுகாப்புக்கானதாக மட்டும் இல்லை. அது அளவுகோலைத் திருத்தும் கருவியாகிவிட்டது. அதன் பிறகு சுறாவைக் கொல்வது வீரமானது. பெஞ்ச்லி தன் பிற்காலத்தைச் சுறாக்களைப் பாதுகாக்கும் பணியில் செலவிட்டார். டெய்லர் தம்பதியரும் அவ்வாறே. 1991இல் தென்னாபிரிக்கா வெள்ளைச் சுறாவைப் பாதுகாக்கும் முதல் நாடானது. எனினும் படைத்தவர்கள் திரும்பினாலும் படிமம் திரும்புவதில்லை. உலகில் சுறா தாக்கி ஆண்டொன்றுக்கு இறக்கும் மனிதர்களைப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணலாம். மனிதரால் கொல்லப்படும் சுறாக்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி என்று 2013இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. டர்பன் கடலில் அந்த நால்வரையும் முட்டிப் பார்த்துவிட்டு விலகிய வெண்துடுப்புச் சுறா இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். இலங்கை 2015இல் அதைப் பிடிப்பதைத் தடை செய்தது.

அந்நியர் படம், அந்நியப் பார்வை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. அப்படிச் செய்வது நேர்மையல்ல. அவர்கள் குறைந்தபட்சம் தண்ணீருக்குள் இறங்கினார்கள். கூட்டைத் திறந்து வெளியேயும் வந்தார்கள். நாம்?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நமது கரையிலிருந்து எழுதப்பட்டவற்றை எண்ணிப் பாருங்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்கள் அன்று இழந்தவை சொல்லில் அடங்காதவை. அந்தத் துயரத்தில் பிறந்த கவிதைகளின் உண்மையை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆயினும் அவற்றில் மிகப் பல, கடலை அரக்கனாக்கின, கொலைகாரியாக்கின, பசியெடுத்த வாயாக்கின. நிலத்துக்கடியில் பாறைத்தட்டு நகர்ந்ததால் எழுந்த அலைக்கு நாம் பல் வைத்தோம், கண் வைத்தோம், வஞ்சம் வைத்தோம். துயரத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அது விளங்குகிறது. ஆனால் ஓராண்டு, ஈராண்டு கழித்தும் அதே முகத்தையே எழுதிக்கொண்டிருந்தபோது அது துயரமாக இல்லாமல் வாய்பாடாகிவிட்டது. கடலோடு ஒவ்வொரு நாளும் போய்வந்து சோறு தேடியவனின் அறிவு அந்தக் கவிதைகளுக்குள் வரவேயில்லை. கரையில் நின்று, துக்கம் என்ற கூட்டுக்குள்ளிருந்து பார்த்த கடல் அது.

மாற்று வழி நம்மிடம் இல்லாமலில்லை. நமது வீடுகளில் சுறாவின் முதல் அடையாளம் மரணமல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறா தேடி வாங்கி வறை செய்து கொடுக்கும் வழக்கம் இக்கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. அந்த மொழியில் சுறா தாய்ப்பாலோடு சேர்ந்த சொல். 'வெள்ளை மரணம்' என்ற தலைப்புக்கு எதிரே நமது அடுப்படி வைத்திருக்கும் பதில் அது. அதேவேளை, வாழைச்சேனையிலிருந்து புறப்படும் பலநாட் கலங்களின் தூண்டிலில் எந்தச் சுறா ஏறுகிறது, எது தடை செய்யப்பட்டது, கடலுக்குள் திருப்பி விடப்படும் மீனின் பெறுமதியை யார் தாங்குவது என்ற கேள்விகளும் உண்டு. இவை சிறுகதைக்குள் வரவேண்டிய கேள்விகள். சுறாவை நேசிப்பதற்கும் சுறாவால் பிழைப்பதற்கும் இடையில் அகப்பட்டிருக்கும் மனிதனை எந்த விவரணப்படமும் நமக்காக எழுதித் தரப்போவதில்லை.

இன்னொன்று, மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன். நிலவு இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட்டும் இந்த ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறார். பாடுவது மீனா, ஊரியா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இங்கு கவனிக்க வேண்டியது முறையை. இரை போடவில்லை, கூடு இறக்கவில்லை, வாயைத் திறக்க வைக்கவில்லை. நீருக்கடியில் இருப்பது தன்பாட்டில் இருக்கும்போது எழுப்பும் ஒலியை ஒரு மரத்தண்டின் வழியாகக் காத்திருந்து கேட்கிறார்கள். ஒன்றும் கேட்காத இரவுகளும் உண்டு. அதை ஏமாற்றம் என்று யாரும் சொன்னதில்லை.

'ப்ளூ வோட்டர், வைட் டெத்' பார்க்க வேண்டிய படம். அதன் துணிச்சலுக்காகவும், கூட்டுக் கதவு திறக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவும் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு நமது கடற்கவிதைகளை எடுத்து மீண்டும் வாசிக்க வேண்டும். எந்த வரி கூட்டுக்குள்ளிருந்து எழுதப்பட்டது, எந்த வரி துடுப்பில் காதை வைத்து எழுதப்பட்டது என்று பிரித்தறிவது அப்போது அத்தனை கடினமாக இராது.