'தி ப்ரைஸ்' புத்தகமும் பாகுவின் எண்களும்

டேனியல் யெர்கினின் 'தி ப்ரைஸ்' படிக்காமல் எண்ணெய் வரலாறு பேச முடியாது. 1992-ல் புலிட்சர் பரிசு வாங்கியது. எண்ணூறு பக்கத்துக்கு மேல், ஆனாலும் நாவல் மாதிரி ஓடும். நாவல் மாதிரி ஓடுவதுதான் எனக்கு இடிக்கிறது. 1900-லிருந்து 1925 வரையான பகுதியை உற்பத்தி எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அது நன்றாகத் தெரிகிறது.

1901-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் ஜனவரி 10-ம் தேதி டெக்சாஸில் ஸ்பிண்டில்டாப் கிணறு பீறிட்டது. எண்ணெய் யுகமே அங்கேதான் தொடங்கியது என்று பலரும் எழுதுகிறார்கள். அதே வருஷம் உலக உற்பத்தி சுமார் 16.7 கோடி பீப்பாய். அதில் ரஷ்யாவின் பங்கு 8.5 கோடி, பாதிக்கும் மேலே. ஏறக்குறைய முழுவதும் பாகுவை ஒட்டிய அப்ஷெரோன் தீபகற்பத்தில் எடுத்தது. அமெரிக்கா மொத்தமாக 6.9 கோடிதான். (ரஷ்யக் கணக்கெல்லாம் 'பூட்' என்ற எடையில் இருக்கும். ஒரு பூட் 16.38 கிலோ. ஒரு பீப்பாய்க்கு எட்டேகால் பூட் சொச்சம். மாற்றி மாற்றி கண் பூத்துப்போகும்.)

ஸ்பிண்டில்டாப் 1902-ல் அமெரிக்க உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்தது உண்மை. ஒரே மேட்டில் நெருக்கி நெருக்கித் துளை போட்டதில் அழுத்தம் போய், 1904-ல் நாளுக்கு 10,000 பீப்பாய்க்கு இறங்கிவிட்டது. அமெரிக்காவின் எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்தியது கலிஃபோர்னியாவும் ஓக்லஹோமாவும். 1903-லேயே கலிஃபோர்னியா முதல் மாநிலம். ஆனால் அங்கே பீறிட்ட கதை இந்த அளவுக்கு யாருக்கும் ஞாபகமில்லை.

பாகு விழுந்ததுதான் இந்தக் காலகட்டத்தின் பெரிய சம்பவம். 1904-ல் 7.8 கோடி இருந்தது, 1905-ல் 5.5 கோடி. வேலைநிறுத்தம், அப்புறம் ஆர்மீனியர்களுக்கும் அஜர்பைஜானியர்களுக்கும் நடந்த கலவரம், எரிந்துபோன எண்ணெய்க் கிணறுகள். 1901-ன் அளவை மறுபடி தொட ரஷ்யாவுக்கு 1920-களின் கடைசி வரை ஆனது. யெர்கின் இதைச் சொல்லாமல் விடவில்லை, நன்றாகவே சொல்கிறார். ஆனால் நோபல், ரோத்ஸ்சைல்ட், ராயல் டச்சு என்று முதலாளிகளின் ஏற்றத்தாழ்வாகச் சொல்கிறார். கிணற்றில் இறங்கி வேலை பார்த்தவன் கூட்டத்தில் ஒருவனாகத்தான் வருகிறான். உலக உற்பத்தியில் பாதியைக் கொடுத்த இடத்தை ஆட்டிவைத்ததே அந்தக் கூட்டம்தான்!

பக்க ஒதுக்கீட்டையும் பாருங்கள். பாரசீகத்துக்குத் தனி அத்தியாயம். 1908-ல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்தது. அடுத்த வருஷம் ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனி உருவாக பர்மா ஆயில் காசு போட்டது. இந்தியாவில் சீமெண்ணெய் விற்ற அதே பர்மா ஆயில்தான். சுவாரசியமான கதை, மறுக்கவில்லை. ஆனால் 1913-ல் பாரசீகத்தின் பங்கு உலக உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இல்லை. மெக்சிகோவோ 1921-ல் 19.3 கோடி பீப்பாய் எடுத்தது, உலகத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. அதற்கு மற்ற நாடுகளோடு பகிர்ந்துகொண்ட அத்தியாயம்தான். பிற்பாடு மத்திய கிழக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு பின்னாலிருந்து முன்னால் எழுதினால் இப்படித்தான் ஆகும். 1921-ல் எண்ணெய் வாங்கிய ஒருவனுக்கு மஸ்ஜித் சுலைமானைவிட டாம்பிகோ துறைமுகம்தான் பெரிய பெயர்.

மெக்சிகோ விழுந்த விதம் பாகுவிலிருந்து வேறு. புரட்சி நடந்துகொண்டிருந்த வருஷங்களில் அதன் உற்பத்தி ஏறிக்கொண்டேதான் இருந்தது. பிறகுதான் பெரிய கிணறுகளில் உப்புத் தண்ணீர் ஏறியது. 1930-ல் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு. 1917 அரசியல் சட்டத்தைப் பார்த்து முதலீட்டாளர்கள் மிரண்டதும் ஒரு காரணம்தான், ஆனால் சட்டத்தை மட்டும் காட்டுவது கம்பெனிகளுக்கு வசதியான விளக்கம்.

உலக மொத்தத்தை மட்டும் வரைந்தால் இதெதுவும் தெரியாது. 1905-ல் சிறு பள்ளம், மற்றபடி வழவழவென்று ஏறும் கோடு. சர்வர் கண்காணிக்கிறவர்களுக்கு இந்தக் கோடு பரிச்சயம்: சராசரி பச்சையில் இருக்கும், உள்ளே ஒரு மெஷின் செத்துக் கிடக்கும். 1913-ல் அமெரிக்காவின் பங்கு 64 சதவீதம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் 41. அந்த 23 சதவீதத்தில் எவ்வளவு அமெரிக்காவின் சாமர்த்தியம், எவ்வளவு பாகுவின் சரிவு என்று பிரித்துக் காட்டியிருந்தால், ராக்ஃபெல்லர் பற்றிய சில பக்கங்களைக் குறைத்துக்கொண்டாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.