ஒரே வெட்டில் விரியும் சிலுவை

ஒரே ஒரு வெட்டு, விரித்தால் சிலுவை! சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட அருமையான கைவேலை எனக்குத் தெரிந்து இல்லவே இல்லை. பசை வேண்டாம், ஜிகினா வேண்டாம், கலர் பேப்பர் வாங்க இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போகவும் வேண்டாம்.

ஏற்காடு ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் அருவியாக விழுகிற ஊர் எங்கள் கிளியூர். இங்கே மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வருகிறவர்களில் பலர் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் கிடக்கும் தாளை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். ஒருவன் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்து வந்தான். ஒருத்தி காலண்டரில் முடிந்துபோன ஏப்ரல் மாதத்தையே கிழித்து வந்துவிட்டாள். எதுவானாலும் சரி, தாள் அகலத்தைவிட நீளமாக இருந்தால் போதும்.

தாளை நெட்டாக வைத்து, மேல் வலது மூலையை இடது ஓரத்தோடு சேர்த்து மடியுங்கள். இப்போது மேலே கூராக நிற்கும் முனையை வலது ஓரத்துக்குக் கொண்டுவந்து மடித்தால் கூரை வீடு வந்துவிடும். "வீடு! வீடு!" என்று கத்துவார்கள், கத்தட்டும். அந்த வீட்டை நெடுக்கில் சரிபாதியாக மடித்து, நடு மடிப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, அதற்கு இணையாக அடியிலிருந்து உச்சிவரை நேராக வெட்ட வேண்டும். அடியில் இரண்டு அடுக்குதான். கூரைக்கு வரும்போது எட்டு அடுக்கு. முனை மழுங்கிய கத்தரி அங்கே திணறும். அந்த இடத்தில் மட்டும் பிள்ளையின் கைமேல் உங்கள் கையை வையுங்கள். மலையில் மூடுபனி இறங்கிய நாளில் தாள் நமுத்துப்போய் மடிப்பு நிற்காது, நகத்தால் நன்றாக நீவிவிட வேண்டும்.

பிறகுதான் அந்த நிமிஷம்! "விரிச்சுப் பாருங்க" என்றேன். ஒவ்வொரு கையிலும் ஒரு சிலுவை. நோட்டுத் தாளில் கோடு போட்ட சிலுவை, காலண்டரில் தேதி போட்ட சிலுவை. முதல் வரிசையில் இருந்த ஒரு பொடியன் தன்னுடையதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, இதுக்குள்ள சிலுவைய யாருக்கா வெச்சது?" எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தக் கேள்விக்காகத்தானே நாம் வருஷா வருஷம் பாட்டும் கதையும் தயார் பண்ணுகிறோம்! அதுவரை யோவான் 3:16-ஐ வேகமாக ஒப்பித்தவர்கள், அன்றைக்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்கள்.

வெட்டியபின் இரண்டு சதுரமும் இரண்டு நீள்சதுரமும் மிஞ்சும். இப்படி வெட்டி மிஞ்சும் துண்டுகளை ஆங்கில எழுத்துகளாக அடுக்கி 'நரகம்' என்று காட்டிப் பயமுறுத்துகிற ஒரு பழைய கதை உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். துண்டுக்கு ஒரு பெயராக, யாருக்காக ஜெபிக்க ஆசையோ அவர்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் தாத்தா, ஆயா பெயரையும் எழுதினார்கள், நாய்க்குட்டி பெயரையும் எழுதினார்கள். ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போகவில்லை. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த தரங்கம்பாடியில், தாள் பற்றாது என்று எழுத்தையே சிறிதாக வார்த்தார்களாமே, அந்த ஊர்க்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்!

பெரிய பிள்ளைகளுக்கும் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொராவிய சபையாரின் பள்ளியில், 1830-களில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யத் தொடங்கிய காகித நட்சத்திரம் அது. இன்று கிறிஸ்துமஸ் காலத்தில் உலகமெங்கும் தொங்குகிறது. அந்தச் சபையார் 1760-லேயே தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். 17 நாற்கோணக் கூம்பும் 8 முக்கோணக் கூம்பும் செய்து ஒட்ட வேண்டும், பொறுமை வேண்டும். டிசம்பருக்கு அதை வைத்துக்கொள்ளலாம். சின்னவர்களுக்கு வருகிற ஞாயிறே ஒரு பழைய தாளையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு போங்கள். கூரையை வெட்டும்போது மட்டும் அவசரப்படாதீர்கள்.