பத்துப் பேர் கூடாத செபம்: யூத இனப்படுகொலை இலக்கியத்தில் இறைநம்பிக்கையும் குடும்ப உறவும்

யூதர்கள் இறந்தோர்க்காகச் சொல்லும் காதிஷ் என்னும் செபத்தில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை. பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த அந்தச் செபம் இறைவனின் திருப்பெயரைப் போற்றுவதோடு நின்றுவிடுகிறது. பெற்றோரை இழந்த மகன் பதினொரு மாதங்கள் நாள்தோறும், அதன்பின் ஆண்டுதோறும் திதி நாளிலும், வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது கூடியிருக்கும்போது எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும் என்பது மரபு. கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களில் ஆண்பிள்ளையையே 'என் காதிஷ்' என்று பெற்றோர் அழைத்த வழக்கம், கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டும் என்று சொல்லிப் பழகிய தமிழர்க்கு எளிதில் விளங்கும். நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்ற காலத்தில், அச்செபத்துக்கு வேண்டிய மகன், கல்லறை, இறந்த நாள், கூடி நிற்கும் பத்துப் பேர் ஆகிய அனைத்தும் ஒருசேர இல்லாமல் போயின.

அந்தப் படுகொலையைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் 'ஹோலோகாஸ்ட்' என்ற கிரேக்க வழிச் சொல், முழுவதும் எரித்துப் படைக்கும் பலியைச் சுட்டுவது. கொல்லப்பட்டவர்களை யாரும் யாருக்கும் படைக்கவில்லை என்பதால், பேரழிவு என்று பொருள்படும் 'ஷோவா' என்ற எபிரேயச் சொல்லைப் பலர் விரும்புகின்றனர். இந்த இலக்கியத்தை ஆராய்வோர் இறைநம்பிக்கை பற்றிய நூல்கள், குடும்பம் பற்றிய நூல்கள், உயிர்பிழைத்தல் பற்றிய நூல்கள் என்று அடுக்கு பிரிப்பது பாடத்திட்டத்துக்கு வசதியானதே தவிர, நூல்களுக்குப் பொருந்துவதில்லை. இந்த இலக்கியத்தின் முதன்மையான படைப்புகளில் தந்தை அழைக்கும்போது மகன் ஏன் வாய்திறக்கவில்லை என்பதும், மனிதன் அழைக்கும்போது இறைவன் ஏன் வாய்திறக்கவில்லை என்பதும் ஒரே கேள்வியாகவே எழுகின்றன.

அழிவு நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டவற்றுள் வார்சா கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த மதில்சூழ் நகர்ப்பகுதியில், யூத மதகுருவான ரபி கலோனிமஸ் கல்மன் ஷாபிரா ஆற்றிய அருளுரைகள் தனித்து நிற்பவை. 1939 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் மகனையும் மருமகளையும் பறிகொடுத்த அவர், சில வாரங்களுக்குப் பின் ஆபிரகாமின் மனைவி சாராளின் மரணத்தைப் பற்றிப் பேசினார். மகன் ஈசாக்கு பலிபீடத்தில் கிடத்தப்பட்ட செய்தி கேட்டு அவள் உயிர்விட்டாள் என்பது பழைய உரைமரபு. தாங்க முடியாத அளவுக்குத் துன்பம் கூடாது என்று இறைவனுக்கு உணர்த்தவே அவள் உயிரை விட்டாள் என்று ஷாபிரா விளக்கம் கண்டார். தம் சொந்த இழப்பைப் பற்றி நேராக ஒரு சொல்லும் சொல்லாமல், மறைநூலில் வரும் ஒரு தாயின் வாயிலாக ஒரு தந்தை இறைவனிடம் முறையிடும் இப்பகுதியைப் போல் அடக்கமும் துணிவும் ஒருங்கே கொண்ட எழுத்து இத்துறையில் அரிது. இத்தகைய துன்பங்கள் யூத வரலாற்றில் முன்பும் நேர்ந்தவையே என்று 1941இல் சொன்ன அவர், 1942இன் இறுதியில் அந்த உரைக்கு ஒரு குறிப்பெழுதி, இப்போது நிகழ்வதற்கு முன்மாதிரியே இல்லை என்று தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். 1943 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார். வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்பிளம் தலைமையில் கெட்டோவில் இரகசியமாகத் திரட்டிப் புதைக்கப்பட்ட ஆவணங்களோடு கிடந்த அவ்வுரைகள், போருக்குப் பின் தோண்டி எடுக்கப்பட்டு 1960இல் 'புனித நெருப்பு' என்னும் பொருள்தரும் எபிரேயத் தலைப்பில் அச்சேறின.

முகாமிலிருந்து உயிர்பிழைத்து மீண்ட எலீ வீசல் தம் சிறுவயது அனுபவத்தை எழுதிய 'இரவு' பரவலாக அறியப்பட்ட நூல், அதனாலேயே எளிமைப்படுத்தப்பட்டதும்கூட. 1956இல் புவெனஸ் ஐரிஸில் இத்திஷ் மொழியில் விரிவாக வெளிவந்து, 1958இல் பாரிஸில் பிரெஞ்சு வடிவில் சுருங்கிய இந்நூலை, பக்தியுள்ள சிறுவன் ஒருவன் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கடவுளை இழந்த கதை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நூலை ஊன்றிப் படித்தால் காதிஷ் அதில் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் குலைவதைக் காணலாம். முகாமுக்கு வந்த முதல் இரவில், எரியும் குழியை நோக்கி நடத்தப்படும் ஆண்கள் தமக்காகத் தாமே காதிஷ் சொல்லிக்கொள்கிறார்கள். பின்னர், கொல்லப்படுவோர் பட்டியலில் சேர்ந்த அகிபா திரூமர் என்னும் பக்தர், மூன்று நாள் கழித்துத் தமக்காகக் காதிஷ் சொல்லுமாறு தோழர்களிடம் கேட்கிறார். அவர்கள் உறுதியளித்து, பசியிலும் அடியிலும் அதை மறந்துபோகிறார்கள். பனியில் நெடுந்தூரம் ஓடவிடப்பட்ட இரவில், பின்தங்கிய ரபி எலியாஹுவை அவருடைய மகன் வேண்டுமென்றே விட்டுவிட்டு முன்னே ஓடிவிட்டதை நினைவுகூரும் சிறுவன், அந்த மகன் செய்ததைத் தான் ஒருபோதும் செய்யாதிருக்க வலிமை தருமாறு, தான் நம்பாத இறைவனிடமே வேண்டுகிறான். நம்பிக்கை அற்றுவிட்டது என்று சொல்லப்படும் நூலின் நடுவே மிக உண்மையான செபம் இதுதான். 1945 ஜனவரி இறுதியில் புகன்வால்ட் முகாமில் தந்தை அவனை அழைத்தபடி கிடக்கும்போது, காவலரின் அடிக்கு அஞ்சி அவன் அசையாமல் படுத்திருக்கிறான். விடிந்து பார்க்கும்போது அந்தப் படுக்கையில் வேறொருவர் கிடக்கிறார். வேண்டியது கிடைக்கவில்லை என்பதைவிட, தன்னையே மன்னிக்க முடியவில்லை என்பதுதான் அந்நூலை எழுதவைத்தது எனலாம்.

இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லெவி முகாமுக்குள் நம்பிக்கையற்றவராகச் சென்று நம்பிக்கையற்றவராகவே மீண்டவர். 1947இல் வெளிவந்த 'இவன் மனிதன்தானா' என்ற அவருடைய நூலில், 1944 அக்டோபரில் நடந்த தேர்வில், அதாவது நச்சுவாயு அறைக்கு அனுப்புவோரைப் பிரித்தெடுக்கும் சடங்கில், தப்பிய முதியவர் கூன் உரக்க நன்றி செபம் சொல்கிறார்; அடுத்த படுக்கையில், இரண்டு நாளில் சாகப்போகும் இருபது வயது பெப்போ விளக்கையே பார்த்துக் கிடக்கிறான். அந்தச் செபத்தின் மீது லெவி கொள்ளும் சினம் நாத்திகரின் சினமன்று. பக்கத்துப் படுக்கையில் இருப்பவனைக் காணாத பக்தியின் மீது எழும் அறச்சினம். அதே தேர்வின்போது தமக்கும் செபிக்கத் தோன்றியதென்றும், தோற்கும் தறுவாயில் ஆட்டத்தின் விதியை மாற்றலாகாது என்று விலகியதாகவும், 1986இல் வெளியிட்ட தம் கடைசிக் கட்டுரை நூலில் அவர் ஒப்புக்கொள்கிறார். உயிர்பிழைத்தவன் தன் பிழைப்புக்கு இறைவனைச் சாட்சியாக்கினால், இறந்தவர்களை இறைவன் கைவிட்டதாக ஆகிவிடும் என்ற உணர்வு அவரை விட்டகலவில்லை.

தந்தை மகன் என்ற இந்த வட்டத்துக்கு வெளியே நின்று கேள்வி எழுப்பியவர் ரூத் க்ளூகர். 1931இல் வியன்னாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பிர்க்கனாவ் முகாமில் தன் வயதைப் பதினைந்து என்று பொய்சொல்லித் தப்பிய அவர், கொல்லப்பட்ட தந்தைக்குக் காதிஷ் சொல்லும் உரிமை மகளுக்கு மரபில் இல்லை என்பதை 1992இல் ஜெர்மன் மொழியில் எழுதிய தன்வரலாற்றில் கசப்போடு குறிப்பிடுகிறார். துன்பம் குடும்பத்தை நெருக்கமாக்கும் என்ற கருத்தையும் அவர் ஏற்கவில்லை. முகாமின் முதல் இரவிலேயே மின்வேலியைத் தொட்டு இருவரும் சாகலாம் என்று மகளிடம் சொன்ன அதே தாய், அங்கே அனாதையாய் நின்ற வேறொரு சிறுமியைத் தன் மகளாக ஏற்றுக் காப்பாற்றவும் செய்தார். இவ்விரண்டில் எதையும் க்ளூகர் மறைக்கவில்லை. அவர் நூல் போதிய அளவு பேசப்படாதது இத்துறையின் குறை.

ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கெர்தேஸ், 1990இல் வந்த 'பிறவாத குழந்தைக்குக் காதிஷ்' என்ற குறுநாவலில் மரபைத் தலைகீழாக்கினார்: ஆஷ்விட்ஸுக்குப் பின் தந்தையாக மறுப்பவன், தான் பெறாத பிள்ளைக்காகச் செபம் சொல்கிறான்.

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' என்னும் சித்திரநூலில் நம்பிக்கை மிகச் சிறிய வடிவில் உயிர்த்திருக்கிறது. ஆஷ்விட்ஸில் ஆசிரியரின் தந்தை விளாடெக்கின் கையில் குத்தப்பட்ட 175113 என்ற எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 18 வருகிறது, எபிரேயத்தில் அது உயிரைக் குறிக்கும் எண், ஆகவே நீ பிழைப்பாய் என்று அவருக்குச் சொல்பவர் ஒரு போலந்துக் கத்தோலிக்கக் குரு. 1968இல் தாய் அன்யா தற்கொலை செய்துகொண்டபோது, தந்தை காதிஷ் சொல்ல, அந்தச் சொற்கள் தன்வசம் இல்லாத மகன் திபெத்தியரின் இறந்தோர் நூலிலிருந்து வாசிக்கிறான். போரின்போது உறவினர் வீட்டுக்குப் பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட மூத்த மகன் ரிஷ்யூவை, ஜெர்மானியரிடம் சிக்காதிருக்க, தாயின் சகோதரி நஞ்சூட்டிக் கொன்றார்; அவனுக்கோ எந்தச் செபமும் இல்லை. நூலின் கடைசிப் பக்கத்தில் களைத்துப்போன விளாடெக், பேசியது போதும் என்று உறங்கத் திரும்பும்போது, படுக்கையருகே நிற்கும் ஆர்ட்டை ரிஷ்யூ என்று அழைக்கிறார். மகன் திருத்தவில்லை. அதற்குக் கீழே பெற்றோர் இருவரின் பெயர்களும் பொறித்த கல்லறைக் கல்லை வரைந்து, அதன் அடியில் தன் கையொப்பத்தை இட்டிருக்கிறான்.